ரிமாண்டில் இருக்கும் தம்பியை எந்த பிளாக்கில் வைப்பார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கரிசல்மகள்
2025 ஆகஸ்ட் 6, இரவு 9.40

வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது கேட்க வேறு இடம் தெரியாமல் எழுதுகிறேன்.

என் தம்பிக்கு 19 வயது. பாலிடெக்னிக் கடைசி வருடம். போன வாரம் எங்கள் ஊர்க் கொடையில் சப்பரம் திரும்பும் முக்கில் இரண்டு தெருக்காரர்களுக்கும் தகராறு. ஒருவருக்கு மண்டை உடைந்துவிட்டது. எங்கள் தெருவில் ஏழு பேரைப் பிடித்துப் போனார்கள், இவனும் அதில் ஒருவன். பதினைந்து நாள் ரிமாண்ட். வழக்கைப் பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை. எந்தச் சிறை என்பதையும் போடவில்லை, அவன் உள்ளே இருக்கிறான்.

நேற்று மனுவுக்கு, அதாவது அவனைப் பார்க்க, சிறைக்குப் போனேன். கேட்டில் சீட்டு எழுதுகிறவர் "நீங்க என்ன ஆளு?" என்று கேட்டார். நான் "அக்கா" என்றேன். "அதில்லம்மா, என்ன ஆளுக?" என்றார். எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் பதில் வரவில்லை. பின்னாலிருந்த அம்மா ஒருத்தர் எனக்காகச் சொல்லிவிட்டார்.

உள்ளேயும் முதல் நாள் சாயங்காலம் தம்பியிடம் அதையேதான் கேட்டார்களாம். "காலேஜ்" என்றிருக்கிறான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். பிறகு ஒரு பிளாக்கைக் காட்டி "உங்க ஆளுங்க அங்க இருக்காங்க" என்று அனுப்பிவிட்டார்களாம். அங்கே ஐம்பது வயது ஆட்களும் இருக்கிறார்கள், கொலை வழக்கில் தண்டனை பெற்றவர்களும் வந்து போகிறார்களாம்.

எனக்கு மூன்று சந்தேகம். இந்த வயதுப் பையன்களுக்கு என்று தனி இடம் உண்டா? சாதி கேட்டுப் பிரித்து வைப்பது இன்னும் சட்டத்தில் இருக்கிறதா? எங்கள் வக்கீல் முதல் வகுப்புக்கு மனு போடலாம் என்கிறார், அது என்ன?

இன்னொன்று. ரிமாண்ட் தாளில் அவன் வயதை 22 என்று எழுதியிருக்கிறார்கள். அதனால் ஏதாவது ஆகுமா?

சட்டஉதவி_வக்கீல்
2025 ஆகஸ்ட் 6, இரவு 10.25

கடைசி வரியில் இருப்பதைத்தான் அம்மா நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். எல்லாமே அந்த 22இல்தான் மாட்டியிருக்கிறது.

1894ஆம் வருடச் சிறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவில் யாரை யாரிடமிருந்து பிரிக்க வேண்டும் என்று இருக்கிறது. பெண்கள் தனி. 21 வயதுக்குட்பட்ட ஆண்கள் மற்றவர்களிடமிருந்து முழுதாகத் தனி. தண்டனை பெறாதவர்கள் தண்டனை பெற்றவர்களிடமிருந்து தனி. கடன் போன்ற சிவில் வழக்கில் வந்தவர்கள் தனி. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே இவ்வளவு சொல்கிறது. உங்கள் தம்பி இரண்டு வகையில் தனியாக இருக்க வேண்டியவர்: வயதால் ஒன்று, விசாரணைக் கைதி என்பதால் இன்னொன்று.

சென்னை மாகாணத்தில் 1925இலேயே பார்ஸ்டல் பள்ளிச் சட்டம் வந்தது. புதுக்கோட்டை பார்ஸ்டல் பள்ளி பலருக்குத் தெரியும். அது முதலில் தண்டனை பெற்ற இளைஞர்களுக்கானது. இப்போது 18 முதல் 21 வரையுள்ள ரிமாண்ட் பையன்களையும் பல மாவட்டங்களில் பார்ஸ்டல் என்ற பெயரிலேயே தனியாக வைக்கிறார்கள். 18க்குக் கீழே என்றால் சிறைக்கே அனுப்பக்கூடாது, கூர்நோக்கு இல்லம்தான்.

ஆனால் உள்ளே வருகிறவருக்குச் சிறைக்காரர் வயது கணக்குப் போடுவதில்லை. வாரண்டில், அதாவது அந்த ரிமாண்ட் தாளில், உள்ளதைப் பார்ப்பார். வாரண்டில் 22 என்றால் அவருக்கு உங்கள் தம்பி 22தான். ஸ்டேஷனில் ஆளைப் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதிய எண் அது.

நாளைக் காலையிலேயே பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அசல், பிறப்புச் சான்றிதழ், ஆதார் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வக்கீல் வழியாக மாஜிஸ்திரேட்டிடம் வயதைத் திருத்தச் சொல்லி ஒரு மனு. அதன் நகலோடு சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒரு மனு. அதைக் கேட்டில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் ஒன்று கொடுத்து வையுங்கள், அவர்களுடைய ஆட்கள் சிறைக்கு வாராவாரம் போகிறவர்கள்.

முதல் வகுப்பு பற்றி நாளை எழுதுகிறேன்.

மட்டுறுத்துநர்
2025 ஆகஸ்ட் 6, இரவு 10.50

இந்த இழை தேவையானது, திறந்தே இருக்கும். ஒரே வேண்டுகோள்: எந்தச் சாதியின் பெயரையும் போட வேண்டாம். வழக்கு எண், ஊர்ப் பெயர், ஆட்களின் பெயர் எதுவும் வேண்டாம்.

பழைய_காவலர்
2025 ஆகஸ்ட் 7, காலை 6.15

தங்கச்சி, நான் சிறைத்துறையில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். மூன்று மத்தியச் சிறைகளிலும் இரண்டு கிளைச் சிறைகளிலும் வேலை பார்த்திருக்கிறேன். வக்கீல் சொன்னது அத்தனையும் சரி. அது உள்ளே எப்படி நடக்கிறது என்று நான் சொல்கிறேன்.

சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்குத்தான் கோர்ட்டிலிருந்து வேன் வரும். ஒரே நேரத்தில் முப்பது, நாற்பது பேர். ஆறு மணிக்கு எல்லோரையும் அறையில் அடைக்கும் லாக்கப் முடிந்து எண்ணிக்கை சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அரை மணி, முக்கால் மணிக்குள் வாரண்ட் பார்க்க வேண்டும், அங்க அடையாளம் இரண்டு எழுத வேண்டும், உடைமை எழுத வேண்டும், சோதனை போட வேண்டும், காயம் இருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். பிறகு எங்கே போட வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். புதிதாக வருகிறவர்களைச் சில நாள் அட்மிஷன் பிளாக்கில் வைத்து, நல அலுவலர் பேசி, அப்புறம் பிரிக்க வேண்டும் என்பதுதான் முறை. நல அலுவலர் ஒரே ஆள், அவருக்குப் பரோல் விசாரணை, குடும்பக் கடிதம், படிப்பு என்று ஆயிரம் வேலை. அதனால் முதல் மணி நேரத்தில் கேட்டில் எடுத்த முடிவே கடைசி வரை நின்றுவிடும்.

அந்த அரை மணியில் ஒரு மனிதரைப் பற்றி என்ன தெரியும்? என்ன வழக்கு, எந்த ஊர். அடுத்து அந்தக் கேள்வி. கேட்டவன்தான் நானும், மறைக்க மாட்டேன்.

ஏன் கேட்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1995 முதல் தென்மாவட்டத்தில் நடந்த கலவரங்களில் இரண்டு தரப்பும் ஒரே நாளில் ஒரே சிறைக்கு வரும். வெளியே அரிவாளோடு நின்றவர்கள் உள்ளே ஒரே தண்ணீர்த் தொட்டியில் குளிக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டைத் தேய்த்துக் கூராக்கி வைத்திருந்ததை நான் கையில் பிடித்திருக்கிறேன். ஒரு பிளாக்கில் எழுபது பேருக்கு ஒரு காவலர். கையில் ஒரு லத்தி. பிரித்து வைத்தோம், உயிர் போகவில்லை. வெறுப்பில் செய்ததில்லை.

மூன்றாமாண்டு_சட்டம்
2025 ஆகஸ்ட் 7, காலை 8.05

காவலர் ஐயா சொன்ன அதே காரணத்தைத்தான் அரசு நீதிமன்றத்திலும் சொன்னது. பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் சாதிவாரியாகப் பிளாக் பிரிப்பதை நிறுத்தச் சொல்லி ஒரு வழக்கு 2014இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. மோதலைத் தவிர்க்கத்தான் பிரிக்கிறோம் என்ற அரசின் பதிலை ஏற்றுக்கொண்டு மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

அது பத்து வருடம் நின்றது. 2024 அக்டோபர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சுகன்யா சாந்தா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதிகள் பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா. சுகன்யா சாந்தா ஒரு பத்திரிகையாளர். பல மாநிலச் சிறைகளில் சாதி எப்படி வேலை செய்கிறது என்று 2020இல் விரிவாக எழுதியவர், பிறகு அவரே மனுதாரராகப் போனார்.

அந்தத் தீர்ப்பு பாளையங்கோட்டைக்கும் வருகிறது. உயர் நீதிமன்றத்தின் நிலைப்பாட்டை ஏற்க முடியாது, ஒழுங்கைக் காப்பது சிறை நிர்வாகத்தின் பொறுப்பு, அதற்காகச் சாதிப் பிரிவினையைக் கையில் எடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் நிறப் பிரிவினைக்குச் சொன்ன "தனி, ஆனால் சமம்" என்ற வாதம் போன்றது இது என்றும் இருக்கிறது.

அக்காவின் இரண்டாவது கேள்விக்கு நேரடிப் பதில்: சிறைப் பதிவேடுகளில் சாதிக் கட்டத்தையும் சாதி பற்றிய எந்தக் குறிப்பையும் நீக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு உத்தரவிட்டிருக்கிறது. மூன்று மாதத்துக்குள் விதிகளைத் திருத்தச் சொன்னார்கள். 2024 டிசம்பர் கடைசியில் மத்திய உள்துறையும் மாதிரிச் சிறை விதிகளைத் திருத்தி எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியது. ஆகவே உங்களிடம் கேட்டில் கேட்ட கேள்விக்கு இன்றைக்குச் சட்டத்தில் இடமில்லை.

நாலாம்பிளாக்
2025 ஆகஸ்ட் 7, மதியம் 1.30

நான் எட்டு மாதம் விசாரணைக் கைதியாக இருந்தவன். பிறகு விடுதலை ஆகிவிட்டது. கொத்தனார் வேலை. எந்தச் சிறை என்று நானும் சொல்லவில்லை.

காவலர் அண்ணாச்சி மனதில் பட்டதைச் சொன்னார், நானும் அப்படியே சொல்கிறேன்.

உள்ளே போகும்போது எனக்குச் சாதி தெரியும், ஆனால் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு திரிந்ததில்லை. சாரத்தில் ஏறினால் கீழே பிடிக்கிறவன் யார் என்று எவன் பார்ப்பான்? அந்த பிளாக்குக்குள் போன முதல் ராத்திரியே ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஊர், தெரு, அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாம் கேட்டார். பிறகு சோப்பு கொடுத்தார், பீடி கொடுத்தார், போர்வை கொடுத்தார். என் வீட்டுக்கு ஆள் அனுப்பி அம்மாவுக்கு அரிசி வாங்கிக் கொடுத்தார். எனக்கு ஜாமீன் எடுக்க யாருமில்லை என்று தெரிந்து அவர் வக்கீலே வந்தார். அவர் யார் என்று அப்புறம்தான் தெரிந்தது. எட்டு மாதம் கழித்து வெளியே வந்தபோது நான் அவருக்குக் கடன்பட்டவன். கூப்பிட்டால் போக வேண்டும். அந்தக் கடனிலிருந்து வெளியே வர எனக்கு நாலு வருடம் ஆனது, ஊரைவிட்டே வந்துவிட்டேன்.

சண்டை வரக்கூடாது என்று பிரித்தீர்கள். உள்ளே சண்டை வரவில்லை, உண்மைதான். வெளியே போடுகிற சண்டைக்கு அங்கே ஆள் சேர்ந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பிளாக் கக்கூஸைக் கழுவ இன்னொரு பிளாக்கிலிருந்து காலையில் இரண்டு பேர் வருவார்கள். கருப்பு பிளாஸ்டிக் வாளி, கைப்பிடி உடைந்து கம்பி கட்டியிருக்கும். அதில் ஒரு பையனுக்கு 20 வயதுகூட இருக்காது, கேஸ் செல்போன் திருட்டு. யார் அவனை இந்த வேலைக்குப் போட்டது என்று கேட்டேன். "அவனுங்கதான செய்வானுங்க" என்றார்கள். எந்த விதியில் எழுதியிருக்கிறது என்று யாரும் காட்டவில்லை. அந்தப் பையன் என்னிடம் ஒரே ஒரு தடவை பேசினான். "அண்ணே, வெளிய எங்கப்பா பெயிண்டர்" என்றான்.

மூன்றாமாண்டு_சட்டம்
2025 ஆகஸ்ட் 7, மதியம் 2.10

அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

நீங்கள் சொன்னதை வேறு மாநிலங்களில் விதியாகவே அச்சடித்து வைத்திருந்தார்கள். மேற்கு வங்கத்தின் விதியில் துப்புரவு வேலைக்கு எந்தச் சாதியார் என்று பெயரோடு இருந்தது. உத்தரப் பிரதேசத்தில் வெறுங்காவல் தண்டனை பெற்றவரை இழிவான வேலைக்குப் போடக்கூடாது, "அத்தகைய வேலைக்குப் பழக்கப்பட்ட" சமூகத்தவர் என்றால் போடலாம் என்று இருந்தது. இவற்றை ரத்து செய்தபோது நீதிமன்றம் அரசியல் சட்டத்தில் தீண்டாமையைத் தடுக்கும் 17ஆம் பிரிவோடு, கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23ஆம் பிரிவையும் சேர்த்தது. சாதி பார்த்துக் கொடுக்கிற வேலை கட்டாய உழைப்பு என்ற இந்த வாதத்தை எங்கள் வகுப்பில் ஒரு மணி நேரம் பேசினோம்.

உசிலை_வடக்கு
2025 ஆகஸ்ட் 7, மாலை 5.45

சாதிக் கட்டத்தை எடுத்துவிட்டால் முடிந்தது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. அதே காரியத்தை வேறு பெயரில் செய்கிற ஒரு கட்டம் இருக்கிறது: "வழக்கமான குற்றவாளி".

எங்கள் பக்கத்துக்கு இது புதிதில்லை. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நாங்கள் கைரேகைச் சட்டம் என்போம். குற்றமே செய்யாதவனும் பிறந்த சாதிக்காக ராத்திரி ஸ்டேஷனில் போய் ரேகை வைத்துவிட்டுப் படுக்க வேண்டும். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்து பலர் செத்தார்கள். நாடு முழுவதும் 1952இல் அந்தச் சட்டம் போனது. ஆனால் பிறப்பைப் பார்த்துப் பழக்கம் என்று எழுதும் வழக்கம் சிறை விதிகளுக்குள் தங்கிவிட்டது. தீர்ப்பு அதையும் தொட்டிருக்கிறது: வழக்கமான குற்றவாளி என்றால் மாநிலத்தின் சட்டம் சொல்லும் பொருளில் மட்டுமே இருக்க வேண்டும், விதிகளில் வேறு விதமாக இருப்பது செல்லாது என்று.

முதல் தடவை வந்தவரையும் திரும்பத் திரும்ப வருகிறவரையும் பிரிக்கத்தான் வேண்டும். அது நியாயமான பிரிப்பு. முன்பு எத்தனை தடவை தண்டனை ஆனது என்பதைத் தாளைப் பார்த்துச் சொல்ல வேண்டும், ஆளைப் பார்த்து அல்ல.

சட்டஉதவி_வக்கீல்
2025 ஆகஸ்ட் 7, இரவு 9.15

கரிசல்மகள், இந்த முதல் தடவை என்பது உங்கள் தம்பிக்கும் பயன்படும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு: இதற்குமுன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் காவலிலேயே கழித்துவிட்டால் விடுவிக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. ஆயுள், மரண தண்டனைக்குரிய குற்றங்களுக்குப் பொருந்தாது, வேறு வழக்குகளும் நிலுவையில் இருந்தால் சிக்கல். உங்களுக்கு அதற்கு முன்பே ஜாமீன் கிடைத்துவிடும் என்றுதான் நினைக்கிறேன், இருந்தாலும் ஹிஸ்டரி டிக்கெட்டில் முதல் தடவை என்று சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அட்டைதான் உள்ளே அவனுடைய ஜாதகம்.

இது சின்ன விஷயம் என்று தோன்றலாம். 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேருக்கு மேல் தண்டனையே பெறாதவர்கள். இடமோ 4,36,266 பேருக்குத்தான். தமிழ்நாட்டில் நெருக்கடி அந்த அளவு இல்லை, அதனால் இங்கே இடமில்லை என்று சொல்லிப் பிரிக்காமல் விடுவதை நான் ஏற்பதில்லை.

வளைகுடாநகர்_செவிலி
2025 ஆகஸ்ட் 8, காலை 7.30

நான் கலிஃபோர்னியாவில் ஒரு கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) சிறையின் மருத்துவப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம். நீங்கள் பேசுவதைப் படிக்கப் படிக்க இங்கே நடந்த ஒரு வழக்கு ஞாபகம் வந்தது.

இந்த மாநிலச் சிறைகளில் புதிதாக வருகிறவர்களை 60 நாள் வரை நிறம் பார்த்தே அறையில் ஜோடி சேர்த்தார்கள். கறுப்பர், வெள்ளையர் என்று மட்டுமில்லை. சீனரையும் ஜப்பானியரையும்கூடச் சேர்த்து வைக்க மாட்டார்கள், வடக்குக் கலிஃபோர்னியா ஹிஸ்பானிக் ஆட்களைத் தெற்கு ஆட்களோடு சேர்க்க மாட்டார்கள். காரணம் என்ன சொன்னார்கள் தெரியுமா? காவலர் ஐயா சொன்ன அதேதான்: உள்ளே நிறவாரியாகக் கும்பல்கள் இருக்கின்றன, சேர்த்தால் கொலை விழும். ஜான்சன் என்ற கறுப்பினக் கைதி வழக்குப் போட்டார். 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில், நிறம் பார்த்துப் பிரித்தால் அரசு மிகக் கடுமையான சோதனையைத் தாண்டித்தான் அதை நியாயப்படுத்த முடியும் என்றது. நீதிபதி ஓ'கானர் எழுதிய தீர்ப்பு. மற்ற மாநிலங்களில் ஏறக்குறைய எல்லாமும் அமெரிக்க மத்திய அரசின் சிறைகளும் இந்தப் பிரிப்பு இல்லாமலே சமாளிக்கும்போது உங்களால் ஏன் முடியாது என்பது அதில் முக்கியமான கேள்வி.

இப்போது ஆள் வந்தால் என்ன கேட்கிறார்கள் என்று சொல்கிறேன். தற்போதைய வழக்கு எவ்வளவு கடுமையானது, முன்பு தண்டனை உண்டா, தப்பிக்க முயன்றதுண்டா, முன்பு உள்ளே இருந்தபோது அடிதடி உண்டா, வயது, மனநலம், தற்கொலை எண்ணம், போதை. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூட்டிப் பார்த்து இடம் ஒதுக்குவார்கள். அதோடு "இந்தச் சிறையில் உனக்குப் பகையான ஆள் யார்? பெயர் சொல்லு" என்று தனியறையில் கேட்பார்கள். அந்த இரண்டு பேரை மட்டும் பிரித்து வைப்பதற்குக் கணினியில் குறிப்பு ஏறும். பாலியல் கொடுமைக்கு ஆளாகக்கூடியவரா என்று வந்த 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும், 30 நாளுக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும். ஒல்லியான சின்ன வயதுப் பையனுக்கு இந்தக் கேள்விதான் உயிர்.

மதிப்பெண் முறையிலும் குறை உண்டு. ஆண்களை வைத்துச் செய்த அட்டவணையைப் பெண்களுக்கும் போட்டு, ஆபத்தில்லாத பெண்களைக் கடுமையான பாதுகாப்புப் பிரிவில் வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் மதிப்பெண் தவறு என்றால் எந்த வரியில் தவறு என்று விரல் வைத்துக் காட்டலாம். "உங்க ஆளுங்க அங்க இருக்காங்க" என்பதில் எங்கே விரல் வைப்பீர்கள்?

பழைய_காவலர்
2025 ஆகஸ்ட் 8, இரவு 8.40

நாலாம்பிளாக் தம்பி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அந்த வாளியை நானும் பார்த்திருக்கிறேன். கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். 2021 ஏப்ரலில் ஸ்ரீவைகுண்டம் கிளைச் சிறையிலிருந்து பாளையங்கோட்டைக்கு மாற்றி அழைத்து வந்த ஒரு விசாரணைக் கைதி, வந்த அன்றே உள்ளே அடித்துக் கொல்லப்பட்டார். குடும்பம் இரண்டு மாதத்துக்கு மேல் உடலை வாங்கவில்லை. அதைப் பார்த்த எந்தக் காவலருக்கும் நாளைக்கு எல்லோரையும் கலந்து வை என்றால் கை நடுங்கும். சட்டப் படிப்புத் தம்பி கோபப்படக்கூடாது, அந்த நடுக்கத்தையும் கணக்கில் வையுங்கள்.

நாலாம்பிளாக்
2025 ஆகஸ்ட் 8, இரவு 9.20

அண்ணாச்சி, அந்தச் சாவை யாரும் மறக்கவில்லை. நான் கேட்பது இதுதான். அந்தச் சிறையில் பிரித்து வைக்கிற வழக்கம் எத்தனையோ வருடமாக இருந்தது. உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்ச் சரி என்று வாங்கிய வழக்கம். அது இருந்தும் அந்தப் பையன் செத்தான். வருகிற பையன் யார், அவனுக்கு யாரோடு பகை, அவர்கள் எந்த பிளாக்கில் இருக்கிறார்கள் என்று கேட்டில் யாரோ ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால்? அமெரிக்காவிலிருந்து அந்த அக்கா சொன்ன கேள்வி அதுதானே: பகையாளி பெயர் என்ன?

ஒரு சாதியில் ஆயிரம் பேர் இருந்தால் எனக்குப் பகை அதில் நாலு பேர். என் சொந்தச் சாதியிலும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களோடுதான் என்னைச் சேர்த்துப் பூட்டினார்கள்.

பழைய_காவலர்
2025 ஆகஸ்ட் 8, இரவு 9.50

சரிதான் தம்பி. சொந்தச் சாதிக்குள் அடித்துக்கொண்டவர்களைத்தான் நாங்கள் அதிகம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கியிருக்கிறோம். இதுவரை நான் அதை இப்படி யோசித்ததில்லை.

அட்மிஷனுக்கு என்று தனியாக இரண்டு ஆள், ஒரு நாற்காலி, ஒரு கதவு போட்ட அறை கொடுத்தால் முடியும். எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டால் எவனும் பகையாளி பெயரைச் சொல்ல மாட்டான். சொன்னால் அடுத்த நிமிடம் அது உள்ளே போய்விடும்.

பழஞ்சுவடி
2025 ஆகஸ்ட் 9, காலை 10.10

முதல் வகுப்பு பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1929இல் லாகூர் சிறையில் பகத் சிங்கும் தோழர்களும் உண்ணாவிரதம் இருந்தார்கள். அரசியல் கைதிகளை மனிதர்களாக நடத்து என்று கேட்டார்கள். ஜதீந்திரநாத் தாஸ் 63 நாள் பட்டினி கிடந்து செப்டம்பர் 13ஆம் தேதி உயிரை விட்டார். அரசு அடுத்த வருடம் ஏ, பி, சி என்று வகுப்பு கொண்டுவந்தது. ஆனால் எதற்காகச் சிறைக்கு வந்தார் என்று பார்த்துப் பிரிக்கவில்லை. படிப்பு, சமூக அந்தஸ்து, பழகிய வாழ்க்கை வசதி என்று பார்த்துப் பிரித்தது. ஒரு தியாகி செத்துக் கேட்டது ஒன்று, கிடைத்தது வசதியுள்ளவனுக்குக் கட்டில். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது. அதற்கு இருபது வருடம் முன்னால் கப்பல் விட்ட வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். படிப்பும் அந்தஸ்தும் அவரிடம் இல்லாமலா?

அந்தப் பழக்கம்தான் தமிழ்நாட்டில் முதல் வகுப்பாக இருந்து வருகிறது. கட்டில், மேசை, சொந்த உடை, கொஞ்சம் நல்ல சாப்பாடு. கோர்ட்டில் மனு போட்டு வாங்குவார்கள். 1980இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், வசதியான வகுப்புக் கைதிக்கு விலங்கு வேண்டாம், ஏழைக்கு மாட்டலாம் என்ற விதியைச் சமத்துவத்துக்கு எதிரானது என்று தூக்கி எறிந்தார். சிறைச் சீர்திருத்தம் பற்றி 1983இல் அறிக்கை கொடுத்த முல்லா குழு, அந்தஸ்து பார்க்கும் இந்த வகுப்பு முறையையே எடுத்துவிடச் சொன்னது. 2016 மாதிரிச் சிறை விதிகளும் சமூகப் பொருளாதார நிலை பார்த்துப் பிரிக்கக்கூடாது என்கின்றன.

அதனால் அந்த மனுவைப் போட வேண்டாம் என்பது என் எண்ணம். அதே வழக்கில் பிடிபட்ட மற்ற ஆறு பேரும் தரையில் படுக்க, இவன் மட்டும் கட்டிலில் படுப்பதா?

சட்டஉதவி_வக்கீல்
2025 ஆகஸ்ட் 9, காலை 11.00

பழஞ்சுவடி ஐயா, உங்கள் கொள்கையோடு எனக்குச் சண்டையில்லை. அந்த வகுப்பு ஒழிய வேண்டும், எல்லோருக்கும் கட்டில் கிடைக்க வேண்டும். ஆனால் 19 வயதுப் பையனின் முதுகில் நம் கொள்கையை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. உள்ளே ஆபத்து என்றால் சட்டத்தில் இருக்கிற எந்தக் கதவையும் தட்டுவேன்.

இங்கே ஆபத்துக்கு மருந்து அது இல்லை, வயதைத் திருத்துவதுதான். அது நடந்தால் முதல் வகுப்பே தேவைப்படாது. கரிசல்மகள், என்ன ஆனது?

கரிசல்மகள்
2025 ஆகஸ்ட் 12, இரவு 8.20

எல்லோருக்கும் ஒவ்வொருவராகப் பதில் எழுத வேண்டும், இப்போது முடிந்ததை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மாஜிஸ்திரேட்டிடம் மதிப்பெண் சான்றிதழ் அசலோடு மனு போட்டோம். திங்கள் மதியம் வயது 19 என்று திருத்தி உத்தரவு வந்தது. அதைக் கையிலேயே வாங்கிக்கொண்டு நேரே சிறைக்குப் போனேன். கேட்டில் முதலில் வாங்க மாட்டேன் என்றார்கள். ரசீது வேண்டும் என்று நின்றேன். நாற்பது நிமிடம் வெயிலில் நின்ற பிறகு நல அலுவலர் வெளியே வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. உள்ளே ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போய்த் தம்பியையும் வரச் சொன்னார். கதவைச் சாத்தினார். என்ன படிக்கிறாய், இரவில் தூக்கம் வருகிறதா, யாராவது மிரட்டினார்களா, யாரைப் பார்த்தால் பயம் என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன்.

எந்தச் சாதி என்று அவர் கேட்கவில்லை. எங்கள் தெரு எதிர்த் தெரு என்றுகூடக் கேட்கவில்லை. வழக்கில் எதிர்த்தரப்பில் யாராவது இங்கே இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டு இரண்டு பெயரை எழுதிக்கொண்டார்.

இன்று காலை அவனை பார்ஸ்டலுக்கு மாற்றிவிட்டார்கள். அவன் வயதுப் பையன்கள் இருபது பேர் இருக்கிறார்களாம். முதல் வகுப்பு மனுவைப் போடவில்லை.

ஒரு விஷயம் மனதில் நிற்கிறது. எங்கள் தெருவில் பிடித்த ஏழு பேரில் இன்னொரு பையனுக்கும் இருபதுதான். தாளில் 24 என்று இருக்கிறது. அவன் பத்தாவது படிக்கவில்லை, அம்மாவிடம் பிறப்புச் சான்றிதழும் இல்லை. எங்கே போய் எதைக் காட்டுவது?

சட்டஉதவி_வக்கீல்
2025 ஆகஸ்ட் 12, இரவு 8.45

ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதி இருக்கும், ஒரு வருடம் படித்திருந்தாலும் போதும். தலைமையாசிரியரிடம் சான்றாக எழுதி வாங்கலாம். அதுவும் இல்லை என்றால் அரசு மருத்துவமனையில் எலும்புப் பரிசோதனை கேட்கலாம், அது துல்லியமாக இருக்காது, கடைசி வழி. அந்த அம்மாவை நாளைக்கு என்னிடம் பேசச் சொல்லுங்கள். தனிச்செய்தியில் எண் அனுப்புகிறேன்.

கரிசல்மகள்
2025 ஆகஸ்ட் 12, இரவு 9.30

அந்த அம்மா இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். மேலத்தெருப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தானாம். காலையில் நானும் கூடப் போகிறேன்.

வியாழக்கிழமை தம்பிக்கு மனு. டிராயிங் நோட்டு கேட்டிருக்கிறான், அடுத்த மாதம் பரீட்சை. காம்பஸ் உள்ளே விடுவார்களா, காவலர் ஐயா?

பழைய_காவலர்
2025 ஆகஸ்ட் 12, இரவு 9.40

முனை உள்ளது எதையும் விட மாட்டார்கள் தங்கச்சி. நோட்டும் பென்சிலும் கொண்டு போ. பென்சிலைச் சீவாமல் கொண்டு போ, உள்ளே சீவிக் கொடுப்பார்கள்.